படலையடி ஆவரை

பூஞ்செடிகளுள் வளர்க்கப்படுவன, வளர்வன என இரு வகை உண்டு எனலாம். முற்றத்திலே பாத்தி கட்டி, நீர் வார்த்து, வருவோர்க்குப் பெயர் சொல்லிக் காட்டப்படுவன முதலாம் வகையின. எவரும் நடாமலே வேலியோரத்திலும் தரவையிலும் பூத்து, எவராலும் கவனிக்கப்படாமலே உதிர்வன இரண்டாம் வகையின. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரையில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை, ரோசா என்பன முதலாம் வகையைச் சாரும். ஆவரையோ இரண்டாம் வகையைச் சார்ந்தது. பழைய இலக்கியங்களில் ஆவிரை என்றும், தமிழகத்தில் ஆவாரை என்றும், இங்குள்ளோர் பேச்சில் ஆவரசு என்றும் வழங்கும் இச்செடியைத் தம் வளவிலே வளர்க்க முற்பட்ட ஓர் ஆசிரியையின் அனுபவம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது, தாயையும் இரண்டு பெட்டிகளையும் மட்டும் உடன்கொண்டு வெளியேறியவர். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் படலையைக் கயிற்றாற் கட்டிவிட்டே வந்தனர். அச்சில நாட்கள் இருபத்தேழு ஆண்டுகளாயின. வாடகை வீடுகள் பல மாறின. எந்த வீட்டிலும் தாய் ஒரு செடியையேனும் நட்டாரல்லர். பிறர் நிலத்தில் வேர் விடுவதை அவர் விரும்பவில்லை போலும். 2003ஆம் ஆண்டு, வடமராட்சியிலே நோயுற்றுக் கிடந்த இறுதி நாட்களில் அவர் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“பிள்ளை, எங்கட படலையடி ஆவரசு இப்ப பூத்திருக்குமோ?”

“ஓமம்மா, பூத்துத்தான் கிடக்கும்” என்றார் மகள். அதனை அறிந்து சொன்னாரல்லர்; நோயாளியின் மனம் ஆறுதற்காகவே சொன்னார். ஆவரை பூத்திருக்கும் ஊரிலே சாவாரைக் காண்பதில்லை என்னும் கருத்தமைந்த பழமொழியைத் தாய் அடிக்கடி சொல்லக் கேட்டவர் அவர். அப்பழமொழி பொய்த்த நாளிலே தாம் சொன்ன அந்த விடையும் பொய்தானோ என்ற ஐயம் அவர் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது.

2017ஆம் ஆண்டு அவர்களது காணி விடுவிக்கப்பட்டது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டும் எஞ்சியிருந்தன. ஏனைய பகுதி முழுவதும் ஆளுயரப் பற்றை. ஓய்வு பெற்றிருந்த ஆசிரியை, கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய பணத்தைக் கொண்டு பெக்கோ இயந்திரம் ஒன்றை அமர்த்தி, வளவு முழுவதையும் துப்புரவாக்கும்படி சொல்லிவிட்டு, பிரதேச செயலகத்துக்குச் சென்றார். மாலையில் திரும்பியபோது, வெட்டிக் குவித்த பற்றையின் மேற்புறத்தில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. அணுகிப் பார்த்தார். ஆவரைக் கிளைகள், பூவும் பிஞ்சும் முற்றிய நெற்றுமாக வாடிக் கிடந்தன. படலையடியில் மட்டுமன்றி முன்வளவு முழுவதிலும் அச்செடி பரந்திருந்தது என்பதை இயந்திர ஓட்டி சொல்லக் கேட்டறிந்தார். தாயிடம் சொன்னது பொய்யன்று என்பதும், அவ்வுண்மையைத் தாமே அழிப்பித்தார் என்பதும் அவருக்கு ஒரே கணத்தில் தெரியலாயின. குவியலைக் கொளுத்துமுன் காய்ந்த நெற்றுக்களைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

ஆவரையை வளர்க்கும் முயற்சி இவ்வாறே தொடங்கிற்று. தானாக முளைக்கும் செடியை வளர்ப்பதில் என்ன சிரமம் இருக்கப்போகின்றது என்றே எவரும் எண்ணுவர். ஆசிரியையும் அவ்வாறே எண்ணினார். முதலில், தெருவோரத்தில் நின்ற முழ உயரக் கன்று ஒன்றை அலவாங்கினாற் கிளப்பி வந்து நட்டார். காலையும் மாலையும் நீர் வார்த்தார். நாலாம் நாள் இலைகள் யாவும் தொங்கின. ஒரு வாரத்துள் கன்று பட்டுப்போயிற்று. வறண்ட நிலத்துச் செடியாகிய ஆவரை, இளமையிலேயே ஆணிவேரை ஆழச் செலுத்திவிடுவது. மேலே முழ உயரம் தோன்றும் கன்றின் வேர் கீழே அதனினும் நீண்டிருத்தல் கூடும். கிளப்பும்போது அவ்வேர் அறுந்தால், பின்னர் எத்துணை நீர் வார்த்தும் பயனில்லை. ஆவரைக் கன்றை இடம்பெயர்த்து நடுவது பெரும்பாலும் தோல்வியிலேயே முடியும்.

அடுத்து, முடிந்து வைத்திருந்த நெற்றுக்களை உடைத்தார். ஆவரை நெற்று தட்டையானது. காகிதம் போன்று மெல்லியது. ஒவ்வொரு விதையும் தனித்தனி அறையில் இருக்க, ஒரு நெற்றிலே பன்னிரண்டு முதல் இருபது விதைகள் வரை காணப்படும். முப்பது விதைகளைப் பாத்தியில் ஊன்றினார். ஒரு மாதத்தில் முளைத்தவை இரண்டே. விதைகள் பழுதானவை என்று அவர் முடிவு செய்யவிருந்த வேளையில், தாவரவியல் கற்பித்த பழைய சகபாடி ஒருவர் காரணத்தை எடுத்துரைத்தார். இவ்விதையின் உறை மிகக் கடினமானது. நீரை உள்ளே புகவிடாதது. எல்லா விதைகளும் ஒரே மழைக்கு முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் ஒருங்கே மடிந்துபோகாவண்ணம், சில இவ்வாண்டும் சில பல ஆண்டுகள் கழித்தும் முளைக்குமாறு இயற்கை செய்துள்ள ஏற்பாடு அது. அந்த உறையை நெகிழச் செய்வதற்கு எளிய வழி உண்டு. கொதிக்க வைத்து இறக்கிச் சற்று ஆறிய நீரை விதைகளின் மேல் ஊற்றி, ஓர் இரவு முழுவதும் ஊறவிடல் வேண்டும். காலையில் பருத்திருப்பவற்றை உடனே ஊன்றலாம். பருக்காதவற்றைக் கரடான கல்லிலே சற்றுத் தேய்த்து மீண்டும் ஊறவிடலாம். ஆசிரியை அவ்வாறு செய்து, மேலும் முப்பது விதைகளை மண் நிரப்பிய பைகளில் ஊன்றினார். இருவாரத்துள் பத்தொன்பது முளைத்தன.

முளைத்தவற்றை அவர் அருமையாகப் பேணினார். அதுவே கேடாக முடிந்தது. வெயில் படாதிருக்கக் கிணற்றடி வேம்பின் நிழலில் வைத்தார். மாட்டெருவைத் தாராளமாகக் கலந்தார். நாள்தோறும் நீர் வார்த்தார். கூலிக்கு வந்த முதியவர் இதனைக் கண்டு வியந்து, “ரீச்சர், தரவையில தானா முளைக்கிற சாமானுக்கு ஏன் இவ்வளவு பாடு?” என்று கேட்டார். ஆசிரியை விடை கூறவில்லை. ஐப்பசியிற் பெய்யத் தொடங்கிய மாரி கார்த்திகையில் அடைமழையாயிற்று. பைகளில் நீர் தேங்கியது. கன்றுகளின் அடித்தண்டு கறுத்தது. ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. எஞ்சிய நான்கும் நிழலிலே வெளிச்சத்தைத் தேடி மெலிந்து நீண்டன. இலை மட்டும் தழைத்துப் பூவரும்பு காட்டாமலே நின்று, அடுத்த மாரியில் அழுகிப்போயின. ஆவரைக்கு வேண்டுவன முழு வெயிலும் நீர் வடிந்தோடும் நிலமுமே. நாளில் ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் படாத இடத்தில் அது நன்கு பூப்பதில்லை. வளமான எரு இலையைப் பெருக்குமேயன்றிப் பூவைப் பெருக்காது. வறட்சியை அது தாங்கும்; வேரடியில் நீர் தேங்குவதைத் தாங்காது.

இந்நிலையில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. 2018ஆம் ஆண்டு தைமாதம், மழை ஓய்ந்தபின், புதிய வீட்டுக்கு வழி அமைப்பதற்காக மேசன் கயிறு கட்டிக் குற்றிகள் அறைந்துகொண்டிருந்தார். பழைய படலை நின்ற இடத்திலே, இயந்திரம் கிளறிவிட்டுப் போன சுண்ணக்கற்சல்லிகளிடையே, சில முளைகளை ஆசிரியை கண்டார். எட்டுமுதல் பன்னிரண்டு இணை வரையான சிறு இலைகள் எதிரெதிராக அமையும் அச்சிறகிலையின் தொடக்கத்தை இப்பொழுது அவரால் எளிதில் இனங்காண முடிந்தது. எண்ணினார்; ஒன்பது கன்றுகள். எவரும் விதைத்தவையல்ல. ஆண்டுக்கணக்காக மண்ணுள் உறங்கிய விதைகள், இயந்திரம் மண்ணைப் புரட்டியதனாலும் மாரி நனைத்தமையாலும் விழித்தெழுந்தனவாதல் வேண்டும். எந்த உறையின் கடினத்தை அவர் நொந்தாரோ, அந்த உறையே அவ்விதைகளை அவருக்காகக் காத்து வைத்திருந்தது.

கன்றுகள் நின்ற இடம் புதிய வழியின் நடுவிடம். அவற்றைக் கிளப்பி ஓரமாக நட்டுவிடலாம் என்றார் மேசன். கிளப்பினால் நேர்வது யாது என்பதை ஆசிரியை அறிவார். வழியையும் படலையையும் நாலடி தள்ளி அமைக்கும்படி கேட்டுக்கொண்டார். மதிற்றூணுக்கு வெட்டிய அத்திவாரக் கிடங்கு வீணாயிற்று. மேலதிகச் செலவும் வந்தது. அன்றிரவு தொலைபேசியில் தம்பி, “அக்கா, ஒரு பற்றைக்காகப் படலையை ஆரும் அரக்குவினமோ?” என்று சினந்தார். அம்மா இறுதியாகக் கேட்ட கேள்வியை ஆசிரியை அப்பொழுதுதான் முதன்முறையாகத் தம்பிக்குச் சொன்னார். நெடுநேரம் மறுமுனையில் ஒலியில்லை. பின்னர், மேலதிகச் செலவு எவ்வளவு என்று மட்டும் தம்பி கேட்டார்.

அதன்பின் அவர் மேற்கொண்ட பராமரிப்பு மிகச் சிறிதே. ஒன்பது கன்றுகளுள் திடமான ஐந்தை நாலைந்து அடி இடைவெளியில் விட்டு, ஏனையவற்றை வேர் கிளறாமல் நிலமட்டத்தில் நறுக்கினார். எரு இடவில்லை. முதற் கோடையில் மட்டும் வாரத்துக்கு ஒரு முறை நீர் வார்த்தார். இரண்டாம் ஆண்டு அதனையும் நிறுத்தினார். கன்று இரண்டடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளியமையால் பக்கக் கிளைகள் விரிந்து செடி அடர்ந்தது. நெற்று முற்றிய பின், மாரிக்கு முன்னதாக, கிளைகளில் மூன்றிலொரு பங்கை ஆண்டுதோறும் வெட்டிவிட்டார். புதிய தளிர்களின் நுனிப்பகுதியிலேயே பூங்கொத்துக்கள் தோன்றுவதால், இவ்வாறு வெட்டுதல் பூவைப் பெருக்கும். செடியும் ஒழுங்கற்றுப் படராது.

2019ஆம் ஆண்டு முதல் அரும்பு கட்டிற்று. அதே வேளையில் இலைகளிலே பச்சைப் புழுக்கள் தோன்றின. மருந்து தெளிப்பதற்கு ஆயத்தமான ஆசிரியை, பூவைக் குடிநீருக்குப் பயன்படுத்த எண்ணியிருந்தமையால் தயங்கினார். சில நாட்களில் புழுக்கள் கூட்டுப்புழுக்களாகி, வெண்மையும் இளம்பச்சையும் கலந்த வண்ணத்துப்பூச்சிகளாய்ப் பறந்தன. இவ்வகை வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஆவரையும் அதன் உறவுச் செடிகளுமே பிறந்தகம். உண்ணப்பட்ட கிளைகள் ஒரு மாதத்துள் மீண்டும் தளிர்த்தன.

ஆவரைப்பூவை அணுகி நோக்குவோர்க்கு அதன் அமைப்பு வியப்பளிக்கும். ஏறத்தாழ இரண்டு அங்குல அகலமுள்ள அப்பூவின் ஐந்து இதழ்களிலும் செம்மஞ்சள் நரம்புகள் ஓடும். கேசரங்கள் பத்து. அவற்றுள் மேலுள்ள மூன்றும் வளர்ச்சி குன்றியவை. இப்பூவிலே தேன் இல்லை. மகரந்தக்கூடுகளும் ஏனைய பூக்களிற் போன்று பிளந்து விரிவதில்லை. நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே மகரந்தம் வெளிவரும். உலர்ந்த மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் கருவண்டு, பூவைக் கால்களாற் பற்றிக்கொண்டு பறக்குந் தசைகளை அதிரச் செய்யும். அவ்வதிர்வினால் மகரந்தம் துளை வழியே பொடியாகச் சொரியும். தேனீயால் இவ்வாறு அதிர்விக்க இயலாது. கருவண்டின் இரைச்சல் பூவிலே அமர்ந்ததும் சற்றே உயர்ந்து ஒலிப்பதை ஆசிரியை காலை வேளைகளிற் கேட்டார். பின்வளவிற் கிடந்த துளைகள் நிறைந்த பழைய பனங்குற்றியை விறகாக்காது விட்டு வைத்தமைக்கும் அதுவே காரணம்.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், ஆவரையின் வேரிலே அக்குடும்பத்துச் செடிகள் பலவற்றுக்குரிய சிறுகணுக்கள் தோன்றுவதில்லை. வளமற்ற நிலத்தில் அது தன் ஆணிவேரின் ஆழத்தை நம்பியே வாழ்கின்றது. இலைக்காம்பின் அடியிலே காது போன்று அகன்று நிற்கும் செதில்கள் இதனை ஏனைய உறவுச் செடிகளினின்றும் பிரித்தறிய உதவும். 1753ஆம் ஆண்டு லின்னேயசு இதற்கு இட்ட இனப்பெயரும் காதுடையது என்னும் பொருளினதே.

இச்செடி எக்காலத்தும் இகழப்பட்டதன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே தலைவியும் தோழியும் கொய்து குவிக்கும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் தெருவில் ஏறி வரும் பனைமடற் குதிரைக்குச் சூட்டும் மாலையிலும் ஆவிரை இடம்பெறுவதைக் குறுந்தொகையிற் காண்கின்றோம். மறைத்து வைக்க இயலாத துயரத்துக்கு அடையாளமாக, ஊரறிந்த தெருவோரப் பூவையே பழந்தமிழர் கொண்டனர் போலும். தமிழகத்தின் கொங்குப் பகுதியிலே பொங்கலுக்கு முன் வீட்டு வாயிலிற் கட்டப்படும் காப்பில் வேப்பிலையுடனும் பூளைப்பூவுடனும் இப்பூ சேர்கின்றது. தெலுங்கானா 2014ஆம் ஆண்டு தனி மாநிலமானபோது, பதுக்கம்மா விழாவில் அடுக்கப்படும் இப்பூவையே தன் மாநில மலராக ஏற்றது. தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலுக்கு நெடுங்காலம் ஆதாரமாயிருந்தது ஆவரம்பட்டை. அயல்நாட்டு வேலமரப் பட்டையும் குரோமிய உப்புக்களும் வந்தபின் அதன் தேவை குன்றியது.

ஆசிரியையின் தாய்க்கு இவையெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் அறிந்தது ஆவரசம்பூக் குடிநீர். அன்றலர்ந்த பூக்களைக் காலையிலே கொய்து, சுளகிற் பரப்பி நிழலில் உலர்த்திப் போத்தலில் அடைத்து வைப்பார். ஒரு பிடியை நீரில் கொதிக்கவைத்து வடித்துப் பனங்கட்டியோடு பருகுவார். சிங்கள மக்கள் ரணவரா என்று பருகுவதும் இதுவே. சலரோகத்துக்கு நல்லதென நாட்டு வைத்தியம் இதனைப் போற்றுகின்றது. எனினும் சலரோகமுடைய ஆசிரியை, வைத்தியர் தந்த குளிசைகளை நிறுத்திவிட்டு இதனைப் பருகினாரல்லர். வைத்தியரிடம் கூறி, அளவறிந்தே பருகினார். அதுவே முறையுமாகும்.

முதற் பூக்களை ஆசிரியை குடிநீருக்காகக் கொய்யவில்லை. தாயின் படத்தின் முன் சிலவற்றை வைத்து, ஏனையவற்றைச் செடியிலேயே விட்டார். அவை நெற்றாகி வெடித்து உதிர்ந்தன. இப்பொழுது ஒவ்வொரு மாரியின் பின்னும் படலையடியிலே புதிய முளைகள் தோன்றுகின்றன. ஊருக்குத் திரும்பிய அயலவர் சிலர், தாம் பற்றையென வெட்டி எரித்தது எதுவென அறிந்து, விதை கேட்டு வருகின்றனர். கன்று கேட்போர்க்கு ஆசிரியை கன்று கொடுப்பதில்லை. கைப்பிடி விதையும், கொதிநீரில் ஊறவிடும் முறையையும், வெயில் படும் இடத்தில் நேரே ஊன்றிவிட்டு அதிகம் கவனியாதிருக்கும்படி ஓர் அறிவுரையும் கொடுக்கின்றார்.

வீட்டின் படலை வாசற்கதவுக்கு நேரே இல்லை. நாலடி விலகி நிற்கின்றது. புதிதாக வருவோர் அதன் காரணத்தைக் கேட்பதுண்டு. “அதில முந்தியே ஆள் இருந்தது” என்பார் ஆசிரியை. வந்தவர் திரும்பிப் பார்க்கும்போது, வெயிலிலே ஐந்து ஆவரைகளும் பூத்து நிற்கும்.